தராசின் முகப்பை இந்தப் பக்கமும் திருப்புங்கள்

(கல்முனையில் லொறிச் சாரதிகளும் உதவியாளர்களும் கூடிய கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேசிய நடையிலேயே தருகிறோம்.)



மலையகத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களுக்குக் கல்முனையில் லொறிக்காரரோடு என்ன பேச்சு என்று வாசலில் வைத்தே சில காக்காமார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சம்மாந்துறை மில்லில் குற்றுகிற அரிசியும் இந்தக் கரையில் காய்கிற கருவாடும் எங்கள் லயத்து அடுப்புக்கு வருவது உங்கள் லொறியில்தான். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கல்முனைச் சந்தைக்கு இறங்குவதும் அதே லொறியில். அதோடு, எங்களிடம் படித்துவிட்டுத் தோட்டத்தில் பேர் பதியாமல் வெளியே போன பையன்கள் எத்தனையோ பேர் இன்று லொறியில் உதவியாளர்கள். சிலர் கனரக வாகன லைசன்ஸும் எடுத்துவிட்டார்கள். மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் இரவு இரண்டு மணிக்கு லொறி ஏறும்போது, உள்ளே இருப்பது உங்கள் தம்பியாகவும் இருக்கலாம், எங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். இந்த உரை எங்கள் சங்கப் பத்திரிகையில் வரப்போவதும் அதனால்தான்.

விஷயத்துக்கு வருவோம். லொறியில் கமரா பூட்டப்போகிறோம், இந்தக் கடதாசியில் கையெழுத்து வை என்று முதலாளி தருகிறார். கடதாசி இங்கிலீசில் இருக்கிறது. வைக்கலாமா, வைக்கக்கூடாதா? இதுதானே உங்கள் கேள்வி.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கமரா என்று ஒரே பேரில் சொன்னாலும் இவை இரண்டு சாமான். ஒன்று கண்ணாடிக்கு வெளியே பாதையைப் பார்ப்பது. அதை நாம் எதிர்க்கத் தேவையில்லை, வரவேற்கலாம். குறுக்கே மோட்டார் சைக்கிள் பாய்ந்தாலும் கூடுகிற சனம் பெரிய வாகனத்துக்காரனைத்தான் முதலில் இழுத்து இறக்கும். அந்த நேரத்தில் பாதையைப் பார்த்த கமராதான் சாரதிக்குச் சாட்சி. மற்றது உள்ளே திரும்பியிருப்பது. அது பார்ப்பது உங்கள் முகத்தை. இருட்டிலும் தெரிவதற்காகக் கண்ணுக்குப் புலப்படாத செவ்வொளியை முகத்தில் அடிக்கும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, வாய் கொட்டாவிக்குத் திறக்கிறதா, காதோடு போன் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கும். ஏதாவது பிடிபட்டால் பீப் என்று கத்தும். கத்துவதோடு நில்லாமல், சிம் வழியாகச் சில வினாடிப் படத்தை முதலாளியின் போனுக்கோ கமரா விற்ற கொம்பனியின் கணினிக்கோ அனுப்பிவிடும்.

கத்தட்டும். நித்திரை கொண்டால் உயிர் போகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தரவேண்டியதில்லை. 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் கதிர்காமத்திலிருந்து போன இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது எங்கள் பகுதி. அதே வருஷம் செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். அந்த வருஷம்தான் தூர இடத்து பஸ்களில் சாரதியைக் கவனிக்கும் ஏஐ கமரா பூட்டப்போவதாகப் போக்குவரத்து அமைச்சு சொன்னது. பஸ்ஸுக்கு வந்தது லொறிக்கும் வரும். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. தடுக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவும் வரவில்லை.

ஆனால் பீப் சத்தம் ஆளை எழுப்புமே தவிர பயணத்தைக் குறைக்காது. ஒலுவில் பக்கத்தில் பின்னேரம் மீன் ஏற்றி விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் நிற்கவேண்டும். சுணங்கினால் விலை போகாது, விலை போகாவிட்டால் ட்ரிப் காசில் கை வைப்பார்கள். இந்த நேரக் கணக்கைப் போட்டது சாரதியா? இரண்டாவது சாரதியை ஏற்றாமல் விட்டது சாரதியா? கமரா இதில் எதையும் படம் பிடிப்பதில்லை. அது பிடிப்பது கடைசியில் மூடிய அந்தக் கண்ணை மட்டும்.

இப்போது பொறுப்பைப் பற்றிப் பேசுவோம். விபத்தில் ஒருவர் இறந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வழக்குப் போடப்படுவது சாரதிக்கு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், ஐந்து வருஷம் வரை சிறை. நட்டஈட்டு வழக்கு வேறு. தன் வேலையில் இருந்த ஆள் செய்த பிழைக்கு முதலாளியும் பதில் சொல்லவேண்டும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். ஆகவே விபத்து நடந்த மறுநாள் அந்தப் படத்தைக் கையில் வைத்திருப்பவர், அதில் எந்தத் துண்டைக் காட்டுவது, எந்தத் துண்டைக் காட்டாமல் விடுவது என்று யோசிப்பார். மெமரி கார்ட் நிறைந்தால் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கடைசிப் பத்து வினாடி பத்திரமாக இருக்கும். அதற்கு முந்திய பதினாறு மணி நேரம் அழிந்துபோயிருக்கும்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு பக்கம் இருக்கிறது. மகாஓயா தாண்டும்போது இரவு பன்னிரண்டுக்கு ஒரு பீப். ஒரு மணிக்கு இரண்டு பீப். ஒவ்வொன்றும் முதலாளியின் போனுக்கும் போயிருக்கிறது. அவர் கோல் எடுத்து, தம்பி ஓரமாக நிறுத்திப் படு என்று சொன்னாரா? அல்லது நேரம் போகிறது, ஓட்டு என்றாரா? ஒன்றுமே சொல்லாமல் தூங்கிவிட்டாரா? சாரதிக்குக் களைப்பு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பீப்பே எழுத்துச் சாட்சி. உங்களைப் பிடிக்க வைத்த கமரா அவருடைய பொறுப்பையும் சேர்த்துத்தான் பதிகிறது. ஆனால் முழுப் பதிவும் இருந்தால்தான் அது தெரியும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டப்படி, இப்படியான பதிவை வழக்கில் காட்ட நினைக்கிறவர் விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே மற்றத் தரப்புக்கு அறிவிக்கவேண்டும், பார்க்கவும் இடம் கொடுக்கவேண்டும். எனவே படம் இருக்கிறது என்று பொலிஸிலோ மில் ஒபிஸிலோ யாராவது வெருட்டினால் உடனே தலையாட்டிக் கையெழுத்து வைக்காதீர்கள். முழுப் பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், சட்டத்தரணி மூலமாகக் கேட்டால் இன்னும் நல்லது.

இனி மானத்தைப் பற்றி. ஒபிஸில் மேசைக்கு மேலே கமரா வைப்பதும் லொறிக்குள் வைப்பதும் ஒன்றல்ல. ஒபிஸ்காரர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறார். தூர லொறிக்காரருக்கு அந்தக் கூடுதான் வீடு. அங்கேதான் சாரம் மாற்றுகிறீர்கள், படுக்கிறீர்கள், உம்மா கட்டித்தந்த சோற்றை அவிழ்க்கிறீர்கள், துஆ கேட்கிறீர்கள். போனில் பேசுகிற மனைவியின் குரலும் பதிவாகும் என்றால், அவர் எந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தார்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நிறுத்திய முக்கால் மணி நேரம் 'அனுமதியில்லாத தரிப்பு' என்று பட்டியலில் விழுமா, விழாதா? இதையெல்லாம் முதலிலேயே கேட்கவேண்டும். எஞ்சின் நின்றால் உள் கமராவும் நிற்கவேண்டும், சத்தம் பதியக்கூடாது என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்று ஒரு சொட்டுப் பார்ப்போம். 2021இல் அமெரிக்காவில் அமேசானின் சாமான் கொண்டுபோகும் வேன்களில் இப்படிக் கமரா பூட்டினார்கள். முகப் பதிவுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வைக்காவிட்டால் வேலை இல்லை என்றார்கள். பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்ததையும் கவனம் சிதறியதாகக் கமரா புள்ளி குறைக்கிறது என்று சாரதிகள் குறை சொன்னார்கள். அங்கே அவர்கள் தனித்தனி ஆட்கள். அதே நாட்டில் யூபிஎஸ் கொம்பனியில் ஏறத்தாழ 340,000 பேர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் இருந்தார்கள். 2023இல் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே வேலைநிறுத்தத்துக்கு 97 வீதம் வாக்களித்தார்கள். சாரதியின் பக்கம் திரும்பிய கமரா கூடாது என்பதையும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இலினோய் மாநிலத்தில் உடல் அடையாளங்களைக் காக்க 2008இலேயே சட்டம் இருக்கிறது. பிஎன்எஸ்எஃப் ரயில் கொம்பனி தன் முற்றத்துக்கு வந்த லொறிச் சாரதிகளின் விரல் அடையாளத்தைச் சம்மதம் கேட்காமல் எடுத்ததென்று வழக்கு. 2022இல் ஜூரிமார் சாரதிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 22 கோடி 80 லட்சம் டொலர் என்று போட்ட தொகை பிறகு நீக்கப்பட்டு, கடைசியில் 7 கோடி 50 லட்சம் டொலருக்கு இணங்கி முடிந்தது.

இங்கே? நமக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கக் கேட்கலாம், பிழையிருந்தால் திருத்தக் கேட்கலாம், இயந்திரம் மட்டும் போட்ட தீர்மானத்தை மறுபடி பார்க்கச் சொல்லலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. ஆளை அடையாளம் காணப் பயன்படும் முகப் பதிவு, விரல் பதிவு போன்றவற்றுக்கு விசேட பாதுகாப்பும் உண்டு. ஆனால் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தபோது திகதியைத் தள்ளிவைத்தார்கள். கடதாசி அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை, அது இப்போதே உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துக் கதை ஒன்று இதற்குப் பொருந்தும். கொழுந்து நிறுக்கும் தராசு தோட்டத்துடையது. நிறுப்பது கணக்கப்பிள்ளை, எழுதுவது கணக்கப்பிள்ளை. சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழிப்பதும் அவர்தான். கிலோ குறைந்தால் அரைப்பேர். எலெக்ட்ரோனிக் தராசு வந்தபோது, மெஷின் பொய் சொல்லாது, இனிச் சண்டை இல்லை என்றார்கள். மெஷின் பொய் சொல்லவில்லைதான், ஆனால் எண் தெரிகிற முகப்பு அவர்கள் பக்கம். தராசு வேண்டாம் என்று எங்கள் அக்காமார் ஒருநாளும் சொன்னதில்லை. முகப்பை இந்தப் பக்கமும் திருப்புங்கள், துண்டைக் கையில் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். நாளைக்கு விரல் வைத்து, முகம் காட்டிப் பேர் பதிகிற மெஷின் பிரட்டுக்களத்துக்கு வந்தாலும் இதையேதான் கேட்கப்போகிறோம்.

அதே மாதிரி நீங்களும் கேட்கவேண்டும். கடதாசி தமிழில் வேண்டும், ஒரு பிரதி கையில் வேண்டும். படத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கவேண்டும். பீப் பட்டியலைக் காட்டிக் காசு வெட்டுவதற்கு முன் அந்தப் படத்தைச் சாரதிக்கும் காட்டவேண்டும். விபத்து நடந்தால் பயணத்தின் முழுப் பதிவும் இரண்டு தரப்புக்கும் கிடைக்கவேண்டும். எங்களைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது இது: இத்தனை பீப் வந்தால் லொறி நிற்கும், சுணங்கியதற்குக் காசு வெட்டமாட்டோம் என்று முதலாளி எழுதித்தரவேண்டும். பாதுகாப்புக்காகத்தான் கமரா என்று சொல்கிறவர் இதை எழுத ஏன் தயங்கவேண்டும்?

முன்வரிசையில் ஒரு காக்கா தலையை ஆட்டுகிறார். எழுதித்தர நமக்கு நியமனக் கடிதமே இல்லையே, ட்ரிப் காசுதானே என்கிறார். சரிதான். இங்கே அநேகம் பேருக்குக் கடிதமும் இல்லை, ஈபிஎஃப்பும் இல்லை. விபத்து நடந்தால், அவன் என் ஆளில்லை, சும்மா லொறி எடுத்துப்போனவன் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். தன் ஆளில்லை என்கிறவர் வருஷக்கணக்காகத் தன் லொறிக்குள் அந்த ஆளின் முகத்தைக் கமரா வைத்துப் பார்த்திருக்கிறார், எங்கே நிறுத்துகிறான் என்று எண்ணியிருக்கிறார். வேலைவாங்கும் உறவு இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி? தொழில் திணைக்களத்துக்கு ஈபிஎஃப் முறைப்பாட்டோடு போகும்போதும், வேலைக்காரர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் காயத்துக்குக் கேட்கும்போதும் அந்தக் கடதாசி உங்களுக்கு உதவும். அதனால் கோபத்தில் கிழித்துப்போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் பதிய ஏழு பேர் போதும். ஏழு பேரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்யவேண்டும் என்றும் இல்லை. இந்த அறையில் எண்ணிப் பார்த்தால் அதைவிட அதிகம் இருக்கிறோம். உதவியாளர்களை விட்டுவிடாதீர்கள், கமராவின் அடுத்த பாதியில் இருப்பது அவர்கள் முகம்தான்.

கடதாசி கிடைத்தவர்கள் வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அதைக் கொண்டுவாருங்கள். இங்கிலீசில் இருப்பதை நாங்கள் வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறோம். அதுவரை கையெழுத்து வைக்கச் சொல்லி நெருக்கினால், வாசிக்கக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்குப் பிறகு பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.