மூடியைத் திறந்தவனுக்கு என்ன விதி?

(கொடைக்கானலில் மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, ரோபோ பற்றிப் பேசச் சொன்னீங்க. நான் மலக்குழியிலிருந்துதான் தொடங்கணும். நம்ம சனங்களுக்கு ரோபோ அறிமுகமாவதே அந்த வழியாத்தான்.

1942இல் ஐசக் அசிமோவ் ஒரு கதையில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வைத்தார். முதல் விதிப்படி, ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது. சும்மா இருந்து தீங்கு நேரவும் விடக்கூடாது. அந்த இரண்டாவது பாதியைக் கவனிங்க. வேடிக்கை பார்த்தாலும் குற்றம். எந்திரத்துக்கு இவ்வளவு கறார். மூடியைத் திறந்துவிட்டு மேலே நிற்கிற காண்ட்ராக்டருக்கு? அவனுக்கும் சட்டம் இருக்கு. 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் இரண்டு வருசம் வரை சிறை. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறிச்சு, ஆள் இறங்குவது நிற்கல.

இந்த மலையையே எடுத்துக்குங்க. சீசனில் லாட்ஜ் நிரம்பினா டேங்கும் நிரம்பும். ரோட்டுக்குக் கீழே சரிவில் கட்டடம் இருந்தா லாரிக் குழாய் எட்டாது. அப்போ எந்தத் தெருவுக்கு ஆள் தேடிப் போறாங்க? உங்களுக்கே தெரியும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அதிகமானா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. தெரியலயேன்னு இறங்குறவன் ஏறுவதில்லை.

2018இல் திருவனந்தபுரத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் இளைஞர்கள் செய்த ‘பேண்டிகூட்’, அதாவது பெருச்சாளி, கேமராவோட பாதாளச் சாக்கடைக்குள்ள இறங்கி அள்ளுது. விஷவாயுவையும் அளக்குது. கும்பகோணத்துக்கும் வந்தது. செப்டிக் டேங்குக்கு சென்னை ஐஐடி செய்தது ‘ஹோமோசெப்’. கெட்டிச் சேற்றைக் கத்திகளால் கலக்கி உறிஞ்சுது. 2022இல் முதல் இரண்டு எந்திரங்கள் போனது, இந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு.

எனக்கு அந்தச் செய்திதான் பெரிசு. எந்திரம் காண்ட்ராக்டர் கையில் இருந்தால், ஓட்டுவதற்கும் நம்ம பையனைத்தான் கூப்பிடுவான், அதே கூலிக்கு. பழுதானால் ‘இன்னைக்கு மட்டும் இறங்குடா’ என்பான். சாதி பொத்தானில் ஏறி உட்கார்ந்துக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகராட்சியைக் கேளுங்க. செப்டிக் டேங்க் எந்திரம் எத்தனை? யார் பேரில் இருக்கு? சரிவு வீட்டுக்கு எட்டுமா? முப்பது நாளில் பதில் தரணும்.