நாளும் அரைமணி



புதிதாக ஒன்றைக் கற்கச் சொன்னால், "நேரமில்லை" என்பதே நம் வாயில் முந்தி வரும் விடை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரிடம், 1880இல், சேலம் இராமசுவாமி முதலியார், "சீவகசிந்தாமணி கற்றதுண்டோ?" என வினவினார். ஐயர் அதுவரை கற்றிலர். அதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. கல்லூரிப் பணியினூடே ஏடுகளை ஆராய்ந்தார். சைவ மடத்தில் பயின்ற அவர், சமண அன்பர்களை நாடி அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தார். 1887இல் அந்நூல் அச்சேறியது.

நாம் நாளொன்றுக்கு அரைமணி ஒதுக்கினால், ஆண்டில் 182 மணிக்கு மேல் சேரும். அறியாததை அறியேம் என்னும் துணிவும் உடன் வேண்டும். இளைஞர் முதியோரிடமும், முதியோர் இளைஞரிடமும் கேட்டறிவோமாக. இன்றிரவே தொடங்குவோமாக.