சம்பந்தி வீட்டு நத்தார்



விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். புதிதாகப் புனையப்படும் நூல்வகைக்கும் தொல்காப்பியர் விருந்து என்றே பெயரிட்டார். வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்துதான். வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்தை வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கின்றேன். அதன் பத்துக் குறள்களும் வீட்டுக்காரரை நோக்கியே பேசுகின்றன. வந்தவர் அனிச்சத்திலும் மெல்லியவர், அவர் முகம் வாடலாகாது என்பது சரி. வந்தவர் என்ன செய்வது? அங்கே பேச்சில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இறைச்சி தின்று தின்று, உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிவிட்டதென்கின்றான். உண்பதே அவன் வேலையாக இருந்திருக்கின்றது!

2023 மார்கழியில் நானும் ஒரு விருந்தாக நோர்வேயில் இருந்தேன். 1980களில் நம் இளைஞர் பலர் அந்நாட்டு மக்கள் உயர் பாடசாலைகளுக்கு மாணவராகச் சென்று அங்கேயே தங்கினர். அத்தானும் அவர்களில் ஒருவர். அக்கா குடும்பம் இருப்பது மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில். அவர்களுடைய மகள் மணந்திருப்பது அந்நாட்டவரை. நத்தாருக்குச் சம்பந்தி வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அழைப்பு. பெண்ணின் தாய்மாமன் சம்பந்தி வீட்டுக்குப் போவதென்றால் நம் ஊரில் அது இலேசான காரியமா? அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

ஆனால் அது துக்க வீடு. அந்த ஆண்டு சித்திரையில்தான் சம்பந்தி ஐயா காலமாகியிருந்தார். ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நல்லநாள் பெருநாள் கொண்டாடாத மண்ணிலிருந்து போனவன் நான். எந்த முகத்தோடு உள்ளே போவதென்ற தயக்கம் வழியெல்லாம் இருந்தது.

அங்கே டிசம்பர் 24ஆம் திகதிதான் பெருநாள். நத்தார் என்று நாம் சொல்வது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அவர்கள் சொல்லும் ‘யூல்’, கிறிஸ்தவம் அந்நாட்டை எட்டுமுன்பே இருந்த குளிர்காலப் பெருநாளின் பெயர். காலை பத்து மணியளவில் பொழுது விடிய நாங்கள் போய்ச் சேர்ந்தோம். வீடு அமளிப்பட்டுக் கொண்டிருந்தது. பதினான்கு பேர், ஒரு நாய். தொலைக்காட்சியில் சிண்டரெல்லா கதை. செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜேர்மனியும் சேர்ந்து 1973இல் எடுத்த படம். ஆண்டுதோறும் இந்த நாளில் காட்டுகின்றார்கள். சிண்டரெல்லா, சிற்றன்னை, அரசகுமாரன் எல்லோருக்கும் நோர்வே மொழியில் ஒரே ஆண்குரல்! வானொலி நாடகக் கலைஞர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கின்றது.

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். யாரும் வந்து உபசரிக்கவில்லை. அக்காவின் மகள் காதருகே குனிந்தாள்.

“மாமா, இஞ்ச ஒருத்தரும் உங்களை உபசரிக்க மாட்டினம். சும்மா இருந்தால் சும்மாதான் இருப்பியள். குசினிக்கு வாங்கோ.”

சம்பந்தி அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் தோல் சீவும் கத்தியொன்றைக் கையில் தந்து, ஒரு வாளி உருளைக்கிழங்கைக் காலால் என் பக்கம் தள்ளினார். பதினான்கு பேருக்கான கிழங்கு. இருபதாவது கிழங்களவில் என் கூச்சம் போய்விட்டது. முப்பதாவதில் மருமகனின் தங்கையோடு யார் கெதியாகச் சீவுவதென்று போட்டி. பொருநனுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவெலும்பை முதல்நாளே ஊறவைத்து, பூர்ச்சமரக் குச்சிகளைப் பானையின் அடியில் அடுக்கி, அதன் மேல் மணிக்கணக்காக அவிப்பது அந்தப் பகுதியின் நத்தார்ச் சாப்பாடு. நானோ திருவெம்பாவை விரதகாரன். எனக்கு அவித்து மசித்த கிழங்குகளே போதுமாயிருந்தன. மத்தியானம் கிடைத்தது நம் பாற்கஞ்சியின் உடன்பிறப்பு. சீனியும் கறுவாத்தூளும் தூவி, நடுவிலே வெண்ணெய் வைத்த அரிசிப் பாற்கஞ்சி. அதற்குள் ஒரேயொரு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். அகப்பட்டவருக்கு, அரைத்த பாதாமும் சீனியும் பிசைந்து செய்த ஒரு பன்றி பரிசு. பானை காலியாகும்வரை அவர் வாய் திறப்பதில்லை. அன்று அதை வெற்றிலைபோல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒன்றுமறியாதவர்போல் இருந்தவர் அக்கா!

கஞ்சி முடிந்ததும் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றை முற்றத்துக் கம்பத்தில் கட்டுவதற்கு என்னை அனுப்பினார்கள். பனிக்காலத்துக் குருவிகளுக்கு அது நத்தார்ச் சாப்பாடு. விரத நாளில் காகத்துக்குச் சோறு வைத்துப் பழகிய கைக்கு அந்த வேலை அந்நியமாகத் தோன்றவில்லை. அது சம்பந்தி ஐயா வழக்கமாகச் செய்துவந்த வேலை என்பதை அக்காவின் மகள் பின்னர்தான் சொன்னாள்.

மூன்றரை மணிக்கே பொழுது பட்டுவிட்டது. தேவாலயத்திலிருந்து எல்லோரும் நேரே சேமக்காலைக்கு நடந்தோம். நத்தார் மாலையில் கல்லறைகளில் விளக்கேற்றுவது அந்நாட்டு வழக்கம். இருளில் அந்தச் சரிவு முழுவதும் சுடர்கள். கார்த்திகை விளக்கீட்டன்று நம் முற்றங்கள் எப்படியோ, அப்படி. சம்பந்தி அம்மா குனிந்து விளக்கை வைத்தார், கையுறையால் கல்லைத் துடைத்தார், சிறிது நேரம் நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பில் இறைச்சி இருக்கின்றதாம்.

நாம் துக்கத்துக்காகப் பெருநாளை ஒதுக்கி வைக்கின்றோம். அதிலும் ஓர் அர்த்தம் உண்டு. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலவர் சோறு கொண்டுவந்து கொடுக்கும் நம் வழக்கத்தை நான் குறைவாக மதிப்பவனல்லன். இந்த அம்மாவோ துக்கத்தையும் இறைச்சிப் பானையையும் ஒரே நாளில், ஒரே கையால் தூக்கினார். அதற்கு அவருக்குக் கூட்டமும் சத்தமும் வேண்டியிருந்தன. பதினான்கு பேரை அவர் அழைத்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஐந்து மணிக்கு ஆலய மணிகள் ஒலிக்கப் பெருநாள் பிறந்தது. சாப்பாட்டுக்குப் பின் மரத்தைச் சுற்றிக் கைகோத்து வலம் வந்தோம். உள்வட்டம் ஒரு திசை, வெளிவட்டம் எதிர்த்திசை, நாய் இரண்டுக்கும் நடுவே. ஒரு பாட்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையைச் சொல்கின்றது: துணி தோய்ப்பது, அலசுவது, காயப்போடுவது. சொன்னபடி அபிநயமும் பிடிக்கவேண்டும். மொழி தெரியாத எனக்கும் தோய்க்கத் தெரியும்! என் தோய்ப்பைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிணற்றடிக் கல்லில் அடித்துத் தோய்ப்பதை அவர்கள் கண்டதில்லை. மறுசுற்றில் பதினான்கு பேரும் அடித்தே தோய்த்தார்கள்.

சம்பந்தி அம்மா மூச்சு வாங்கியபடி, ஐயாவின் சாய்மனைக் கதிரையில் போய் இருந்தார். காலையிலிருந்து அவர் இருந்ததை அப்போதுதான் கண்டேன். ஐந்து நிமிடந்தான். கோப்பி பொங்கும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார்.