மணல் மேட்டுக்கு வயது என்ன?



தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் சிவப்பு மணல் மேடுகள் உண்டு. அவற்றைத் தேரி என்பார்கள். அந்த மணல் எப்போது வந்து சேர்ந்தது?

மணல் நடக்கும். காற்று அடித்தால் மேட்டின் ஒரு பக்கத்து மணல் மேலே ஏறும். உச்சியைத் தாண்டி மறுபக்கம் சரியும். இப்படியே மேடு மெல்ல நகரும். மரமும் புல்லும் வேர் பிடித்தால் நின்றுவிடும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கும் கீழே இருந்தது. உலகின் தண்ணீரில் நிறைய பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அதனால் கடலடி மணல் வெளியே தெரிந்தது. காற்று அதை அள்ளியது.

தேரிகளில் பழங்கால மனிதரின் சிறு கல் கருவிகள் கிடைத்தன. 1956-இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் அவற்றைப் பற்றி எழுதினார்கள். மனிதர் அங்கே வாழ்ந்ததைக் கருவி சொல்லும். மணலின் வயதை யார் சொல்வது? மணலே சொல்லும்!

எப்படி? ஒவ்வொரு மணலும் ஓர் உண்டியல். மண்ணுக்குள் இயற்கையாகவே சிறிது கதிர்வீச்சு உண்டு. புதைந்த மணலில் அதன் சக்தி ஆண்டுதோறும் சேரும். வெயில் பட்டால் உண்டியல் காலியாகிவிடும். மறுபடி புதைந்தால் மறுபடி சேரும்.

அறிஞர்கள் மேட்டுக்குள் குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் மணல் எடுப்பார்கள். இருட்டறையில் அதன்மீது ஒளி பாய்ச்சுவார்கள். மணல் லேசாக மினுங்கும். அந்த மினுக்கத்தை அளந்தால், சேர்ந்த சக்தி எவ்வளவு என்று தெரியும். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனை நடக்கிறது.

இனி நாம் படித்த வகுத்தல் கணக்குதான். உண்டியலில் 2,000 ரூபாய் இருக்கிறது. ஆண்டுக்கு 100 ரூபாய் போட்டோம். எத்தனை ஆண்டு? 20 ஆண்டு. மணலுக்கும் இதே கணக்கு.

இப்படிப் பார்த்ததில், சில தேரி மணல் வெயிலைக் கடைசியாகப் பார்த்தது 10,000 ஆண்டுகளுக்கும் முன்பு என்று தெரிந்தது. வேறு சில மேடுகள் அதற்குப் பிறகு சேர்ந்தவை. பல இடங்களில் மணல் எடுத்து வயதை ஒப்பிட்டால், மேடு வளர்ந்த காலமும் நகர்ந்த வழியும் புரியும்.

மணல் மேடு மழைநீரை உறிஞ்சி, கீழே நல்ல தண்ணீராகச் சேர்த்து வைக்கும். கடல் பொங்கினால் தடுப்புச் சுவராக நிற்கும். இயந்திரம் வைத்து அள்ளினால் சில நாளில் மேடு காலி. திரும்ப வர எத்தனை ஆயிரம் ஆண்டு ஆகும்?

உங்கள் ஊரில் மணல் மேடு உண்டா? யாராவது அள்ளுகிறார்களா? கூடிப் பேசுங்கள். ஊராட்சிக்கு மனு எழுதுங்கள். எழுதத்தான் நமக்குத் தெரியுமே!