வீட்டுக்கும் ஒரு கம்பளி

(குளிர்கால உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நீலகிரியில் வாழும் நமக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆண்டுதோறும் ஏழை வீடுகளுக்குக் கம்பளி கொடுத்து வருகிறோம். சென்ற ஆண்டு சில வீடுகளுக்கு மின்சார ஹீட்டரும் கொடுத்தோம். அது சரியான முடிவல்ல என்பதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இரவுக்கு 5 மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். கணவரை இழந்த ஒரு சகோதரி, பில்லைப் பார்த்ததும் ஹீட்டரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு படுத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், விபரீதம் எதுவும் நடக்கவில்லை. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, நிறமோ மணமோ இல்லாத நஞ்சு. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் அல்லவா?

அந்த வீட்டுக்கு நேரில் போனோம். தலைக்கு மேலே வெறும் தகரம். சூடான காற்று மேலே ஏறுகிறது. தகரம் அந்தச் சூட்டை உடனே வெளியே கடத்திவிடுகிறது. மேகமில்லாத இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மூச்சும் சமையல் ஆவியும் அதில் பட்டு நீராகச் சொட்டும். அந்த வீட்டில் ஹீட்டர் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அசையாத காற்றைத் தன் இழைகளில் பிடித்துவைத்து, நம் உடல் சூடு போய்விடாமல் காக்கிறது. கூரைக்கும் அதே வழிதான். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பலகை சீலிங் அடித்து, அதன்மேல் கிளாஸ் வூல் விரித்தால் சூடு வீட்டுக்குள் தங்கும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் தீப்பிடிக்கும், அடுப்பருகே கூடவே கூடாது. சீலிங்குக்கு மேலே காற்றோட்டம் வேண்டும், இல்லையேல் பூசணம் பிடிக்கும். விறகடுப்பின் புகை வழியை அடைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வீட்டை மன அமைதி தரும் இடமாக ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். இரவெல்லாம் நடுங்கும் வீட்டில் அந்த அமைதி எப்படிக் கிடைக்கும்?

எனவே இவ்வாண்டு ஹீட்டர் இல்லை. ஜகாத் நிதியைத் தொடாமல், பொது நன்கொடையிலிருந்து சீலிங் அமைத்துத் தர நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு முதலிடம். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் நாமே பேசுகிறோம். தச்சு வேலை, மின்வேலை தெரிந்த சகோதரர்கள் ஒரு நாள் உழைப்பைத் தாருங்கள், அதுவும் ஸதகாதான். உறைபனி இறங்குமுன் வேலை முடிய வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவரின் இல்லங்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.