பிள்ளையின் மார்க்கு யாருக்குச் சொந்தம்?

(பெர்ன்ஹில்லில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காதே என்றால் சும்மா இருப்போமா? மாட்டோம். நமக்கு எவ்வளவு கடன், கூலியில் எவ்வளவு பிடித்தம் என்று எழுதி லயத்துச் சுவரில் ஒட்டினால் பொறுப்போமா? அதற்கும் மாட்டோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கணக்கிலும் இதே நியாயம்தான். பார்க்க வேண்டியவருக்கு மறைக்கக் கூடாது. சம்பந்தமில்லாதவருக்குக் காட்டக் கூடாது.

இங்கே பக்கத்தில் லவ்டேலில், 1858ல் தொடங்கப்பட்ட, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பெரிய பள்ளி நடக்கிறது. வசதி படைத்த தகப்பனார் தம் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கத் தயங்குவதில்லை. கைநாட்டு வைக்கும் நம் தாய் மட்டும் ஏன் பள்ளி வாசலிலேயே நின்றுவிட வேண்டும்? 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24வது பிரிவு என்ன சொல்கிறது? 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை ஆசிரியர் கூட்டி, வருகையையும் படிப்பின் முன்னேற்றத்தையும் சொல்லியாக வேண்டும் என்கிறது. இது தயவல்ல, கடமை. எழுத்துத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது வெளியார் விஷயம். பொதுத் தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017 மே மாதம் தமிழ்நாடு சர்க்கார் நிறுத்தியது. நல்ல காரியம். அதே ஆண்டு ஆகஸ்ட் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால், பதிவெண்ணும் பிறந்த தேதியும் கிடைத்தால் எவரும் தேர்வு முடிவைப் பார்த்துவிடலாம். அவற்றைக் கேட்டு வருகிறவர் எல்லோரும் வாழ்த்த வருகிறவர் அல்ல.

இனிச் சொல்வது நமக்கே கசப்பானது. நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தில் மகள் கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறினாள். அவள் வாய் திறக்குமுன்பே சித்தப்பா கல்லூரி ஆபீசில் விசாரித்து வந்துவிட்டார். "படித்தது போதும், கொழுந்தெடுக்க வா" என்றார்கள். முன்பு மகன் தவறியபோது அதே வீட்டில் மறுபடி பணம் கட்டினார்கள்! தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதைக் கேட்டுப் பார்க்கவும், திரும்ப எழுதவும் அந்தப் பெண்ணுக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்?

"பணம் கட்டுகிறவர்கள் நாங்கள்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 18 வயது நிரம்பிய மகளின் ஓட்டை நாம் போட முடியுமா? டாலர் நாடான அமெரிக்காவிலேகூட 1974ஆம் வருடச் சட்டப்படி, 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ அந்தப் பதிவுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. நம் நாட்டில் 2023ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரையே குழந்தை என்கிறது.

ஆகவே தோழர்களே, ஆபீசில் விசாரிக்க ஆள் அனுப்பாதீர்கள், மகளிடமே கேளுங்கள். தவறினாலும் படிக்க வைப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் எந்தப் பிள்ளையும் மறைக்காது. சிறு பிள்ளைகளின் பெற்றோரே, அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் போங்கள். தனியே போகத் தயக்கமா? லயத்தோடு சேர்ந்து போவோம்!