தந்தை வரும் நாள்

சேலத்தினின்றும் 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரிந்த நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்றது. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலும் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. நானும் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவனே.

என் தந்தையார் பாரம் ஏற்றி வடநாடு சென்றால், திரும்பி வர வாரக்கணக்காகும். அன்னையார் சுவரில் ஒரு தேசப்படம் ஒட்டியிருந்தார். செய்தி வந்ததும், "அப்பா இன்று நாகபுரியில் இருக்கிறார், கண்ணு" என்பார்; நான் அவ்விடத்தில் குங்குமப் பொட்டு வைப்பேன். இங்ஙனம் தந்தையார் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

ஒருமுறை கணக்குப் பரீட்சையில் தோற்றதை மறைத்தேன். அதையறிந்த அன்னையார் அடிக்கவில்லை. "அப்பா வந்ததும் நீயே சொல்" என்றார். பதினெட்டு நாட்கள் அஞ்சிக் காத்திருந்தேன். வந்தவரோ களைப்பையும் மறந்து, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "எந்தக் கணக்கு புரியவில்லை?" என்றார். அன்றுமுதல் நான் எதையும் மறைத்ததில்லை.

குழந்தையின் உள்ளம் அச்சத்தால் ஒடுங்கும்; செவிசாய்ப்பார் ஒருவர் இருப்பின் நிமிரும். உடனிருக்கும் நாட்கள் குறைந்தாலும், அந்தச் செவி குறையலாகாது. விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணவர்களே, வீட்டாரோடு பேசும்போது மதிப்பெண்ணோடு மனத்தையும் சொல்லுங்கள். நாளை நீங்கள் பெற்றோராகும்போது, முதலில் கேளுங்கள்.